ஸ்டீம் அக்கவுண்டில் யாரோ நுழையப் பார்க்கிறார்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அக்கா மகன், அவன் நண்பர்கள், அந்த நண்பர்களின் நண்பர்கள் என்று ஒரு பட்டாளமே, கம்ப்யூட்டர் கேம்களை வாங்கி ஆடும் ஸ்டீம் தளத்தில் சிக்கல் வந்தால் என்னைத்தான் கூப்பிடுகிறது. பெரும்பாலும் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல்தான் போன் வரும். எடுத்தால் குரலே நடுங்கும். வருடக்கணக்கில் சேர்த்த கேம்கள், அப்பாவிடம் கெஞ்சி வாங்கியவை, பிறந்தநாளுக்கு நண்பர்கள் வாங்கித் தந்தவை எல்லாம் ஒரே ஐடியில் இருக்கும்போது நடுங்காமல் என்ன செய்யும்? ஆனால் அந்தப் பதற்றத்தில்தான் தப்பான பட்டனை அழுத்துகிறார்கள். அவர்கள் கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன். நீங்கள் லாகின் செய்யாமலே ஸ்டீமிலிருந்து இப்போது உங்களுக்குக் கோட் மெயில் வந்திருந்தால் முதல் மூன்று பதில்களை மட்டும் படித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். மற்றதை நாளைக்குப் படிக்கலாம்.

நான் லாகின் செய்யவே இல்லை, ஆனால் ஸ்டீமிலிருந்து கோட் வந்திருக்கிறது. என்ன அர்த்தம்?

உங்கள் பாஸ்வேர்டு வேறு ஒருவருக்குத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "கோட் இல்லாம உள்ள வர முடியாதுல்ல, காலைல பாத்துக்கலாம்" என்று மெயிலை அழித்துவிட்டுத் தூங்கப் போகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஸ்டீம் சும்மா கோட் அனுப்புவதில்லை. கணக்குப் பெயர், பாஸ்வேர்டு இரண்டையும் சரியாக அடித்த பிறகுதான் கோட் கேட்கும். அந்த மெயிலை ஒருமுறை கடைசிவரை படியுங்கள். சரியான கணக்குப் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து, இன்ன இடத்திலிருந்து நுழைய முயன்றிருக்கிறார்கள் என்று அதிலேயே எழுதியிருக்கும். பெரிய எழுத்தில் இருக்கும் அந்த ஐந்தெழுத்துக் கோடைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள், கீழே சின்னதாக இருக்கும் இந்த வரிக்குக் கண் போவதில்லை.

போனில் ஸ்டீம் ஆப்பை இணைத்திருந்தால் கோடுக்குப் பதிலாக "நீங்கள்தானா?" என்று கேட்டு ஒரு திரை வரும். அதுவும் பாஸ்வேர்டு சரியாக விழுந்த பிறகுதான் வரும். தூக்கக் கலக்கத்தில் "ஆமாம்" என்று தட்டிவிடாதீர்கள். மறுத்துவிட்டு எழுந்து உட்காருங்கள்.

"பாஸ்வேர்டை மாற்றக் கேட்டிருக்கிறீர்கள்" என்று வரும் மெயில் வேறு. உங்கள் மெயில் முகவரியோ கணக்குப் பெயரோ தெரிந்த எவரும் அதை அனுப்பவைக்கலாம். அதனால் மட்டும் பாஸ்வேர்டு போய்விட்டதாக ஆகாது. ஆனால் யாரோ உங்கள் கதவைக் குறிவைத்திருக்கிறார் என்பது அதில் தெரிகிறது, ஆகவே மெயில் பெட்டி பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அப்படியானால் உள்ளே வந்துவிட்டார்களா?

கோட் மட்டும் வந்து, நீங்கள் அதை யாருக்கும் சொல்லாமலும் எங்கேயும் அடிக்காமலும் இருந்தால், பெரும்பாலும் இன்னும் வரவில்லை. முதல் பூட்டு திறந்துவிட்டது, இரண்டாவது பூட்டு தாங்கிக்கொண்டிருக்கிறது. உங்களுக்குக் கிடைத்திருக்கும் அவகாசம் அதுதான்.

சரி, முதலில் எதைச் செய்ய வேண்டும்?

எதை முதலில் செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பாதிப் பேர் நேராக ஸ்டீம் பாஸ்வேர்டை மாற்றப் போகிறார்கள். மெயில் திருடன் கையில் இருந்தால் அவன் அதை ஒரே நிமிடத்தில் திரும்ப மாற்றிவிடுவான். கம்ப்யூட்டரில் வைரஸ் இருந்தால் நீங்கள் அடிக்கும் புது பாஸ்வேர்டும் அவனுக்குப் போய்ச் சேரும்.

அதனால் கேம் ஆடும் கம்ப்யூட்டரைத் தொடாதீர்கள். போனையோ வீட்டில் இருக்கும் வேறு கம்ப்யூட்டரையோ எடுத்து, முதலில் மெயிலுக்குப் போங்கள். அதன் பாஸ்வேர்டை மாற்றி, இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போடுங்கள். எந்தெந்தச் சாதனத்தில் மெயில் திறந்திருக்கிறது என்ற பட்டியலைப் பார்த்து, உங்களுடையது இல்லாததை நீக்குங்கள்.

அடுத்த விஷயத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். மெயில் அமைப்புகளில் வடிகட்டி, வேறு முகவரிக்கு அனுப்புதல் என்று இரண்டு பகுதிகள் இருக்கும். இரண்டையும் திறந்து பாருங்கள். ஒரு பையனின் ஜிமெயிலில் நான் பார்த்த வடிகட்டி இன்னும் கண்ணில் நிற்கிறது: "ஸ்டீம்" என்ற சொல் இருக்கும் எந்த மெயிலும் வந்தவுடன் குப்பைத் தொட்டிக்குப் போக வேண்டும். மூன்று வாரமாக ஸ்டீம் எச்சரித்துக்கொண்டே இருந்திருக்கிறது, அவனுக்கு ஒரு மெயில்கூடக் கண்ணில் படவில்லை.

மெயில் சுத்தமான பிறகு ஸ்டீமுக்கு வாருங்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஸ்டீமின் பாதுகாப்புப் பகுதியான ஸ்டீம் கார்டில் (Steam Guard) மற்ற எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றும் பட்டன் இருக்கிறது, அதை அழுத்துங்கள். கணக்கில் இருக்கும் போன் நம்பரும் மெயில் முகவரியும் உங்களுடையவைதானா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். பிறகு ஏபிஐ சாவி. அதற்குக் கீழே தனியாகவே ஒரு கேள்வி இருக்கிறது.

அந்த மெயிலே போலியாக இருந்தால்?

இருக்கலாம். "உங்கள் கணக்கில் சந்தேகத்துக்குரிய நுழைவு, உடனே இங்கே அழுத்தவும்" என்பதுதான் மோசடிக்காரர்களுக்குப் பிடித்த வாசகமே. அதனால் மெயில் உண்மையா பொய்யா என்று ஆராய்ந்துகொண்டு உட்கார வேண்டாம். அதில் இருக்கும் எந்த லிங்க்கையும் தொடாமல், ஸ்டீம் ஆப்பை நேராகத் திறங்கள், அல்லது முகவரியைக் கையாலேயே அடியுங்கள். மெயில் உண்மை என்றாலும் பொய் என்றாலும் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான், அதற்கு அந்த லிங்க் தேவையே இல்லை.

போலி முகவரிகள் கண்ணை ஏமாற்றும். ஆங்கிலத்தில் "எம்" வர வேண்டிய இடத்தில் "ஆர்", "என்" இரண்டையும் ஒட்டிவைப்பார்கள். போன் திரையில் பார்த்தால் எனக்கே வித்தியாசம் தெரியாது.

நான் திருச்சியில் இருக்கிறேன். மெயிலில் மும்பை என்று காட்டுகிறது. ஹேக்கர் மும்பைக்காரனா?

அந்த ஊர்ப் பெயரை ரொம்ப நம்ப வேண்டாம். ஐபி முகவரியை வைத்துப் போடுகிற கணக்கு அது. மொபைல் டேட்டாவில் இருக்கும்போது நீங்களே லாகின் செய்தாலும் உங்கள் ஊருக்குப் பதிலாகச் சென்னை, பெங்களூரு, மும்பை என்று எதையாவது காட்டும். நம் நெட்வொர்க் எந்த ஊர் வழியாக வெளியே போகிறதோ அந்த ஊர்தான் அதில் விழும். திருடனும் இருக்கும் ஊரை மறைக்கிற விபிஎன் போட்டிருப்பான்.

நான் முதலில் பார்ப்பது நேரத்தைத்தான். அந்த நேரத்தில் நீங்களோ வீட்டில் வேறு யாருமோ லாகின் செய்தீர்களா? தம்பி புது போனில் ஆப்பைப் போட்டானா? பத்துக்கு ஒரு தடவையாவது "அட, நான்தான்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அப்படி இல்லையென்றால், ஊர் எதுவாக இருந்தாலும் மேலே சொன்ன வேலையைத் தொடங்கிவிட வேண்டியதுதான்.

நான் யாருக்குமே பாஸ்வேர்டு சொல்லவில்லை. எப்படிப் போனது?

சொல்லாமலே போகும். மூன்று வழிகளைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

ஒன்று, அதே பாஸ்வேர்டை வேறு எங்கேயோ போட்டிருப்பீர்கள். என்றைக்கோ ஒரு சின்ன தளத்தில் பதிவு செய்ததை நீங்கள் மறந்திருப்பீர்கள். அந்தத் தளத்தின் தகவல்கள் திருடுபோய், மெயில் முகவரியும் பாஸ்வேர்டும் ஜோடி ஜோடியாகப் பட்டியலில் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தப் பட்டியலை ஒரு நிரலுக்குள் போட்டு ஸ்டீம், எபிக், பிளேஸ்டேஷன் என்று ஒவ்வொரு கதவிலும் ஓட்டிப் பார்ப்பார்கள். 2020 ஏப்ரலில் நிண்டெண்டோவுக்கு இந்த மாதிரிதான் ஆனது. முதலில் 1,60,000 கணக்குகள் என்றார்கள், ஜூனில் அது 3,00,000 ஆனது. பாஸ்வேர்டுகள் தங்களிடமிருந்து கசியவில்லை, வேறு எங்கிருந்தோ கிடைத்தவை என்று அந்த நிறுவனம் சொன்னது. உங்கள் மெயில் முகவரி எந்தெந்தக் கசிவில் இருக்கிறது என்று பார்க்க, ஆஸ்திரேலியப் பாதுகாப்பு நிபுணர் ட்ராய் ஹண்ட் 2013இல் தொடங்கிய "ஹேவ் ஐ பீன் போன்ட்" என்ற இலவசத் தளம் இருக்கிறது. மெயிலை மட்டும் கொடுத்தால் போதும். பார்த்தவுடன் பலருக்கு முகம் வெளுத்துவிடும்.

சில சமயம் கேம் நிறுவனத்திலிருந்தே போகும். 2011 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் சுமார் 7.7 கோடிக் கணக்குகளின் தகவல்கள் போயின, சேவையே மூன்று வாரத்துக்கு மேல் முடங்கிக் கிடந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஸ்டீமின் தகவல் தளத்துக்குள்ளும் புகுந்தார்கள். ஆனால் இன்று எனக்கு வரும் அழைப்புகளில் அதுதான் காரணம் என்று நான் நினைக்கவில்லை.

இரண்டாவது, போலி லாகின் ஜன்னல். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் கெட்டிக்காரர்களும் இதில்தான் விழுகிறார்கள். நண்பர் ஒருவர் "எங்க டீமுக்கு ஒரு ஓட்டுப் போடேன்" என்று லிங்க் அனுப்புவார். அவருடைய ஐடி ஏற்கெனவே போயிருக்கும். தளத்தில் "ஸ்டீம் மூலம் நுழையவும்" என்றிருக்கும். அழுத்தினால் சின்ன ஜன்னல் ஒன்று திறக்கும். மேலே பூட்டுப் படம், சரியான ஸ்டீம் முகவரி, எல்லாம் கச்சிதமாக இருக்கும். ஆனால் அது ஜன்னலே இல்லை. அந்தப் பக்கத்துக்குள் வரைந்த படம். முகவரிப் பட்டையும் வரைந்ததுதான், அதனால்தான் அவ்வளவு சரியாக இருக்கிறது.

சோதிக்க ஒரு வழி இருக்கிறது. அந்தச் சின்ன ஜன்னலின் தலைப்பை மவுஸால் பிடித்து, பிரவுசரின் விளிம்புக்கு வெளியே இழுங்கள். உண்மையான ஜன்னல் டெஸ்க்டாப்பில் எங்கே வேண்டுமானாலும் போகும். போலி, பிரவுசரின் ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கும், அல்லது பாதி வெட்டுப்பட்டு மறையும். என் அக்கா மகனுக்கு இதைச் செய்து காட்டியபோது அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. முந்தின வாரம் அதே மாதிரி ஜன்னலில்தான் பாஸ்வேர்டை அடித்திருக்கிறான்.

மூன்றாவது வழி கம்ப்யூட்டருக்குள் புகுந்த திருட்டு நிரல். அது அடுத்த கேள்விக்கான பதிலில்.

எனக்குக் கோடே வரவில்லை. ஆனால் உள்ளே நுழைந்து, கேமுக்குள் நான் சேர்த்த பொருளை எல்லாம் எடுத்துவிட்டார்கள். இது எப்படிச் சாத்தியம்?

நீங்கள் ஒருமுறை லாகின் செய்தால் அடுத்தடுத்த முறை ஸ்டீம் பாஸ்வேர்டு கேட்பதில்லை. கோவில் திருவிழாவில் கையில் சீட்டுக் கட்டிவிடுவதுபோல, உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு அடையாளச் சீட்டை வைத்துவிடுகிறது. திருட்டு நிரல் அந்தச் சீட்டையே நகலெடுத்து அனுப்பிவிட்டால் திருடனுக்குப் பாஸ்வேர்டும் வேண்டாம், கோடும் வேண்டாம். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், கேம் ஆடுகிறவர்கள் அரட்டை அடிக்கும் டிஸ்கார்ட் ஆப்பின் சீட்டு, ஸ்டீம் சீட்டு எல்லாவற்றையும் சில நொடியில் அள்ளிக்கொண்டு போகிற நிரல்கள் இருக்கின்றன.

அது எப்படி வருகிறது? ஆட்டத்தில் ஏமாற்றி ஜெயிக்க உதவும் "சீட்" (cheat) நிரல் என்ற பெயரில் வரும். கிராக் செய்த கேமோடு வரும். டிஸ்கார்டில் ஒருவர் "நான் செஞ்ச கேம், கொஞ்சம் ஆடிப் பார்த்துச் சொல்லு ப்ரோ" என்று அனுப்பும் கோப்பில் வரும். 2025 பிப்ரவரியில் ஸ்டீம் கடையிலேயே பைரேட்ஃபை என்ற இலவச கேம் இப்படி ஒரு திருட்டு நிரலோடு வந்துவிட்டது. ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் அதை நீக்கி, ஆடியவர்களுக்கு எச்சரிக்கை அனுப்பியது, விண்டோஸையே புதிதாக நிறுவுவதைப் பற்றியும் யோசிக்கச் சொன்னது. அந்த அளவுக்குப் போக வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: ஆமாம். ஆன்டிவைரஸ் "ஒன்றும் இல்லை" என்று சொல்வதை வைத்து மட்டும் நான் நிம்மதியாக இருக்க மாட்டேன்.

கியூஆர் கோடை ஸ்கேன் செய்து நுழைவது பாதுகாப்பானதுதானே?

ஸ்டீம் ஆப்பில் 2022இலிருந்து அந்த வசதி இருக்கிறது. உங்கள் கம்ப்யூட்டரில், நீங்களே திறந்த ஸ்டீம் நிரலில் வரும் கோடை ஸ்கேன் செய்தால் நல்லது, பாஸ்வேர்டே அடிக்க வேண்டாம். வேறு தளத்தில் தெரியும் கோடை ஸ்கேன் செய்தால், திருடன் தன் கம்ப்யூட்டரில் திறந்து வைத்திருக்கும் லாகினுக்கு நீங்கள் அனுமதி கொடுத்துவிடுகிறீர்கள். ஸ்கேன் செய்ததும் போனில் எந்த இடம் காட்டுகிறது என்று படித்துவிட்டுத் தட்டுங்கள். இங்கே மட்டும் அந்த ஊர்ப் பெயர் உபயோகப்படும். நாடே வேறாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

"தெரியாமல் உங்கள் ஐடியை ரிப்போர்ட் செய்துவிட்டேன், உங்களைத் தடை செய்யப் போகிறார்கள்" என்று ஒருவர் மெசேஜ் அனுப்பியிருக்கிறார்.

பதில் அனுப்பாதீர்கள். இது ஒரு பழைய நாடகம், இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் ஆள் அழுகிற குரலில் மன்னிப்புக் கேட்பார். "ஸ்டீம் அட்மின்கிட்ட பேசுங்க, நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறாரு" என்று ஒரு டிஸ்கார்ட் பெயரைக் கொடுப்பார். அங்கே இரண்டாவது ஆள் அதிகாரத் தோரணையில் இருப்பார். வால்வ் சின்னம் போட்ட படம், சான்றிதழ் மாதிரி ஒரு காகிதம் எல்லாம் காட்டுவார். கணக்கைச் சரிபார்க்க வேண்டும், மெயிலை நான் சொல்லும் முகவரிக்கு மாற்றுங்கள், வரும் கோடைச் சொல்லுங்கள், அல்லது ஒரு கிஃப்ட் கார்டு வாங்கி அனுப்புங்கள் என்று ஒவ்வொரு படியாக இறக்குவார்.

வால்வில் வேலை செய்யும் எவரும் உங்களோடு டிஸ்கார்டில் பேச மாட்டார். ஸ்டீம் சாட்டிலும் பேச மாட்டார். ஸ்டீம் உதவி என்றால் அதன் உதவித் தளத்தில் நீங்கள் எழுதும் புகாரும் அதற்கு அங்கேயே வரும் பதிலும் மட்டும்தான். எனக்குத் தெரிந்த பிளஸ் டூ மாணவன் ஒருவன் இந்த இரண்டாவது ஆளோடு ஒன்றரை மணி நேரம் "சார், சார்" என்று கெஞ்சியிருக்கிறான். அந்தப் பேச்சை முழுதாகப் படித்தேன். ஒவ்வொரு வரியிலும் அவன் மரியாதையாகவே நடந்துகொண்டிருந்தான். அதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

ஏபிஐ சாவி என்றால் என்ன? எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

நிரல் எழுதுகிறவர்களுக்காக ஸ்டீம் கொடுக்கும் ஒரு நீண்ட எழுத்துக் கோவை அது. சாதாரணமாக ஆடுகிற உங்களுக்கு அது தேவையே இல்லை. அதனால்தான் திருடனுக்கு வசதி: உள்ளே நுழைந்தவுடன் உங்கள் பெயரில் ஒன்றை உருவாக்கி வைத்துக்கொண்டு சத்தம் போடாமல் போய்விடுவான். நீங்கள் நண்பரோடு, கேமில் வரும் கத்திக்கான அலங்காரத் தோற்றம் (ஸ்கின்) ஒன்றை மாற்றிக்கொள்ள, அதாவது டிரேடு செய்யப் போகும்போது, அந்தச் சாவி வழியாக அவனுடைய நிரலுக்கும் அது தெரியும். உண்மையான டிரேடை ரத்து செய்துவிட்டு, உங்கள் நண்பரின் அதே பெயர், அதே படம் வைத்த போலிக் கணக்கிலிருந்து அதேபோல் ஒரு டிரேடை அனுப்பும். போனில் நீங்களே உறுதி செய்துவிடுவீர்கள்.

ஸ்டீம் கம்யூனிட்டி தளத்தில் ஏபிஐ சாவிக்கான பக்கத்தைத் திறந்து பாருங்கள். நீங்கள் உருவாக்காத ஒன்று அங்கே இருந்தால் ரத்து செய்யுங்கள். இருக்கிறது என்றாலே யாரோ உள்ளே வந்து போயிருக்கிறார்கள், ஆகவே மூன்றாவது பதிலில் இருக்கும் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யுங்கள். டிரேடு செய்யும்போது எதிராளியின் கணக்கு எந்த லெவலில் இருக்கிறது, எந்தத் தேதியில் தொடங்கியது என்பதையும் போன் திரையில் பாருங்கள். பெயரையும் படத்தையும் யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம்.

மெயிலுக்குக் கோட் வருகிறதே, போன் ஆப் எதற்கு?

2015 டிசம்பரில் வால்வ் வெளிப்படையாக ஒரு கணக்குச் சொன்னது: மாதத்துக்குச் சுமார் 77,000 கணக்குகள் திருடுபோய்ச் சூறையாடப்படுகின்றன. கெட்டிக்காரப் போட்டி ஆட்டக்காரர்கள், டிரேடு செய்பவர்கள் எல்லாரும் அதில் இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் போன் ஆப்பை வலியுறுத்தத் தொடங்கினார்கள். ஆப் இல்லாமல் டிரேடு செய்தால் பொருள் 15 நாள் வரை நிறுத்திவைக்கப்படும்.

மெயில் கோடின் பலவீனம், மெயிலும் ஸ்டீமும் ஒரே கம்ப்யூட்டரில் திறந்திருப்பதுதான். கம்ப்யூட்டர் போனால் இரண்டும் சேர்ந்து போகும். ஆப்பில் 30 நொடிக்கு ஒருமுறை மாறும் கோட் போனுக்குள்ளேயே உருவாகிறது. எஸ்எம்எஸ்ஸில் வருவதைவிடவும் இது மேல். 2025 மே மாதம் 8.9 கோடி ஸ்டீம் கணக்குகள் போய்விட்டதாக ஒரே பரபரப்பு. வால்வ் விசாரித்துவிட்டு, தங்கள் அமைப்புக்குள் யாரும் புகவில்லை, வெளியே போனவை பழைய எஸ்எம்எஸ்கள், அவற்றில் இருந்த கோடுகள் 15 நிமிடம்தான் செல்லும் என்று விளக்கம் கொடுத்தது. பயப்பட ஒன்றும் இல்லை என்றாலும், எஸ்எம்எஸ் பல கை மாறித்தான் நம்மிடம் வருகிறது என்பது அதில் தெரிந்தது.

ஆப்பை இணைக்கும்போது "ஆர்" என்ற எழுத்தில் தொடங்கும் மீட்புக் கோட் ஒன்று கொடுப்பார்கள். அதைத் தாளில் எழுதி, ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வையுங்கள். போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால், போன் தொலையும் நாளில் அதுவும் சேர்ந்து தொலையும்.

எல்லாவற்றையும் மாற்றிவிட்டான். மெயில், நம்பர் எதுவும் என்னுடையது இல்லை. ஐடி திரும்பக் கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்கும். நம்பிக்கையை விடாதீர்கள். கணக்கின் மெயில் முகவரி மாறும்போது பழைய முகவரிக்கு ஒரு அறிவிப்பு வரும், அதை முதலில் தேடுங்கள். கணக்கைப் பூட்டிவைக்கும் வசதியும் ஸ்டீமில் இருக்கிறது. பூட்டிவிட்டு, உதவித் தளத்தில் "என் கணக்கு திருடப்பட்டது" என்ற வழியில் போய் எழுதுங்கள். கணக்கு உங்களுடையதுதான் என்று காட்ட வேண்டும்: முதன்முதலில் பதிவு செய்த மெயில், கேம் வாங்கிய ரசீதுகள், பணம் கட்டிய விவரம், டப்பாவில் வாங்கிய கேமின் சாவி அச்சிட்ட அட்டை. பழைய ரசீது மெயில்களை அழிக்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இந்த ஒரு நாளுக்காகத்தான். ஒரே புகாரில் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதுங்கள்.

போன பொருட்கள் விஷயம் கசப்பானது. கணக்கைத் திருப்பிக் கொடுத்தாலும் போன பொருளை ஸ்டீம் உதவிப் பிரிவு மீட்டுத் தருவதில்லை. கவுண்டர் ஸ்ட்ரைக் 2 பொருட்களுக்கு மட்டும் 2025 ஜூலையிலிருந்து ஒரு வழி பிறந்திருக்கிறது: டிரேடு ஆகி ஏழு நாளுக்குள் என்றால் நீங்களே அதைத் திருப்பிக்கொள்ளலாம், அதன் பிறகு 30 நாள் டிரேடு செய்ய முடியாது. அதனால் "பரீட்சை முடியட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திருடன் உங்கள் ஐடியில் சீட் போட்டு ஆடி, ஏமாற்றி ஆடுகிறவர்களுக்கு ஸ்டீம் போடும் வேக் (VAC) தடை விழுந்தால் அது நீங்காது. நான் ஆடவில்லை, திருடன்தான் ஆடினான் என்று எவ்வளவு எழுதினாலும் மாற்ற மாட்டார்கள். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆனால் விதி அப்படித்தான் இருக்கிறது.

போலீசில் சொல்லலாமா?

பணம் போயிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். இந்தியாவில் 1930 என்ற சைபர் உதவி எண்ணுக்கு உடனே அழையுங்கள், சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் பதிவு செய்யலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணம் கை மாறுவதைத் தடுக்க வாய்ப்பு. ஸ்டீமில் வங்கி அட்டையைச் சேமித்திருந்தால் வங்கியைக் கூப்பிட்டு அட்டையை நிறுத்துங்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: அப்பா அட்டை அதில் இருந்தால் திட்டுக்குப் பயந்து மறைக்காதீர்கள். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: பிள்ளை வந்து சொன்னால் அந்த நேரத்தில் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை உங்களிடம் சொல்லவே மாட்டான்.

தம்பியும் நானும் ஒரே ஐடியில் ஆடுகிறோம். பாஸ்வேர்டைப் பகிரலாமா?

தேவையில்லை. ஸ்டீம் ஃபேமிலீஸ் என்று 2024இல் வந்திருக்கிறது. ஆறு பேர் வரை ஒரு குடும்பமாகச் சேர்ந்து, அவரவர் ஐடியிலேயே மற்றவர் கேமை ஆடலாம். ஆனால் தம்பி உங்கள் கேமில் சீட் போட்டுத் தடை வாங்கினால் அந்த கேமில் உங்களுக்கும் தடை விழலாம், அதைச் சொல்லிவைத்துவிட்டுச் சேருங்கள்.

பாஸ்வேர்டை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

காரணம் இல்லாமல் மாற்ற வேண்டாம். மாதா மாதம் மாற்றச் சொன்னால் எல்லோரும் கடைசியில் இருக்கும் 1ஐ 2 ஆக்குவார்கள், அவ்வளவுதான். அமெரிக்காவின் நிஸ்ட் தர அமைப்பும் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்வதைக் கைவிட்டுவிட்டது. நீளமாக இருக்க வேண்டும், வேறு எங்கும் போட்டிருக்கக் கூடாது. பாஸ்வேர்டு மேனேஜர் வைத்துக்கொண்டால் நல்லது. இல்லையென்றால் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்து வையுங்கள். பாட்டு வரியோ பழமொழியோ வேண்டாம்.

நான் ஸ்டீம் ஆடுவதில்லை, போனில்தான் ஆடுகிறேன். எனக்கு இதெல்லாம் பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தும். பிஜிஎம்ஐ போன்ற கேம்களில் உங்கள் ஐடி ஃபேஸ்புக்கோடோ கூகுளோடோ கட்டப்பட்டிருக்கும். அந்தக் கணக்கைப் பாதுகாத்தால்தான் கேம் ஐடி பத்திரம். பல பேர் பத்து வருடம் முன்னால் தொடங்கி மறந்துபோன ஃபேஸ்புக்கில் கட்டிவைத்திருக்கிறார்கள், அதன் மெயில்கூட இப்போது அவர்களிடம் இல்லை. இன்றைக்கே போய்ப் பாருங்கள். ரோப்ளாக்ஸ் ஆடும் சின்னப் பிள்ளைகளிடம், "இந்த எழுத்தை உன் பிரவுசரில் ஒட்டு, ரோபக்ஸ் (அந்த கேமின் பணம்) வரும்" என்று யார் சொன்னாலும் செய்யக் கூடாது என்று சொல்லிவையுங்கள். நான் மேலே சொன்ன அடையாளச் சீட்டைப் பறிக்கிற வேலை அது.

பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். அடுத்த நாளும் கோட் வந்தது. ஏன்?

இந்தக் கேள்வியைத்தான் என் அக்கா மகன் இரண்டாவது தடவை கூப்பிட்டபோது கேட்டான். "மாமா, நேத்துதானே மாத்துனேன், புதுசுகூட எப்படித் தெரியுது?" முதல் பதிலை நினைத்துப் பாருங்கள்: பாஸ்வேர்டு சரியாக விழுந்தால்தான் கோட் வரும். நேற்று வைத்த புது பாஸ்வேர்டும் அவனுக்குத் தெரிகிறது என்றால், அது நீங்கள் அடித்த கம்ப்யூட்டரிலிருந்துதான் போகிறது. இன்னொரு முறை மாற்றிப் பயனில்லை.

போனில் மாற்றச் சொல்லியிருந்தேன், சின்னக் கீபோர்டு கஷ்டமாக இருக்கிறது என்று கம்ப்யூட்டரில் மாற்றியிருக்கிறான். அன்று ராத்திரி அதன் இணைய வயரைப் பிடுங்கச் சொன்னேன். போனில் மெயிலையும் ஸ்டீமையும் திரும்ப முதலிலிருந்து மாற்றினோம், எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றினோம். சனிக்கிழமை நானே போய், படங்களையும் காலேஜ் பாடங்களையும் மட்டும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, டிஸ்க்கை முழுசாக அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டேன். எதிலிருந்து வந்தது என்று தேடியபோது டவுன்லோடு ஃபோல்டரில் ஒரு சீட் கோப்பு இருந்தது, ஐந்து வாரத்துக்கு முந்தைய தேதியோடு. அவன் அதை மறந்தே போயிருந்தான். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவனுக்குக் கோட் வரவில்லை.